கையில் எப்போதும் பேல்

படிவத்தில் ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: இந்தப் பாத்திரம் வரலாற்றிலோ புராணத்திலோ வரும் யாரையாவது அடிப்படையாகக் கொண்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எட்டாவது கேள்வி அதைவிட மோசம்: உயிரோடிருக்கும் யாரையாவது அடிப்படையாகக் கொண்டதா? ஆம் என்றால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் இணைக்கவும்.

ஒரு வீடியோ கேமுக்கு இவ்வளவு விசாரணையா என்று சிரித்தேன். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுகூட என்னை யாரும் இப்படிக் குடையவில்லை. சிரித்தது திங்கட்கிழமை. அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை வரை என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஆபீஸ் கல்கத்தாவில், ஜாதவ்பூரில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். கீழே பால் சுண்டுகிற வாசனை வந்தால் மேலே ஒருவருக்கும் வேலை ஓடாது. கேமுக்குக் கதை எழுதுவதும், வங்காளத்தில் பேசுகிற பாத்திரங்களைத் தமிழில் பேச வைப்பதும் என் வேலை. நாற்பதை நெருங்குகிற வயதில் என்ன கேம் என்று லேக் கார்டன்ஸில் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் கேட்பார்கள். நீங்கள் எல்லோரும் தினம் மாலை சீட்டாடவில்லையா என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

அந்த கேமின் கதை சின்னது. கோபக்கார இளைஞன் ஒருவன் உலகத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். ஏழு துறைமுகங்கள், துறைமுகத்துக்கு ஒரு வில்லன். அத்தனை பேரையும் ஜெயித்து வீடு திரும்பினால் ஆட்டம் முடிந்தது. அவனைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பின்னந்தலையில் சீப்புக்கு அடங்காத முடி. தோற்றால் கீழுதட்டைப் பிதுக்குவான். பதில் கிடைக்காவிட்டால் வலது காலைத் தரையில் உதைப்பான். கையில் ஒரு வேல் வைத்திருப்பான்.

வம்பு அந்த வேலில்தான் ஆரம்பித்தது. எங்கள் ஓவியர் சாந்த்ராகாச்சியிலிருந்து ரயில், பஸ், ஆட்டோ என்று மூன்று மாறி வருகிறவள். என்னைவிடச் சில வயது இளையவள், அதனால் நான் அவளுக்கு தீதி, அதாவது அக்கா. அவள் வசதிக்காகக் குறிப்பை வங்காளத்தில் எழுதிக் கொடுத்தேன். வங்காளத்தில் 'வ' கிடையாது. பஸ் என்னும்போது வருகிற 'ப'தான் அங்கெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேதம் பேத் ஆகும், வித்யா பித்யா ஆகும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வங்காளம் படித்த திமிரில், அதே கணக்கைப் போட்டு வேல் என்பதை 'பேல்' என்று எழுதிவிட்டேன். வேல் ஒன்றையே நினைத்துக்கொண்டு எழுதினவளுக்கு அந்த எழுத்து வேலாகவே தெரிந்தது. பேல் என்றால் இந்த ஊரில் வில்வப்பழம் என்பது எனக்குத் தெரியாததா? சித்திரை வெயிலில் தினம் ஒரு டம்ளர் பேல் சர்பத் குடித்துவிட்டுத்தான் ஆபீஸ் படியே ஏறுகிறேன்.

மூன்றாம் நாள் அவள் படத்தைக் காட்டினாள். நெஞ்சை நிமிர்த்தி, முடி சிலிர்த்து, உதட்டைப் பிதுக்கி, கையில் ஒரு வில்வப்பழத்தோடு என் கதாநாயகன் நின்றான்.

"இது என்ன?" என்றேன்.

"பேல். நீங்கதானே எழுதியிருந்தீங்க, தீதி?"

என் குறிப்பை எடுத்து அவளே படித்துக் காட்டினாள். கையில் எப்போதும் பேல். முனை கூர்மையாக இருக்கும். கோபம் வந்தால் எறிவான். எறிந்த பேல் திரும்பி அவன் கைக்கே வரும்.

"கூரான பேலுக்காக ரெண்டு நாள் சந்தை சந்தையா அலைஞ்சேன். எல்லாம் உருண்டையாவே இருக்கு. அப்புறம் நானே காம்புப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டேன். திரும்பி வரணும்னு எழுதியிருந்தீங்க இல்லையா, அதுக்குத்தான் இந்த ரப்பர் கயிறு," என்றாள்.

படத்தை இன்னொரு முறை பார்த்தேன். மணிக்கட்டில் ரப்பர் கயிறு, அதன் நுனியில் மூக்கு வைத்த வில்வப்பழம். நான் நாற்காலியிலிருந்து வழிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மூச்சு வாங்கியது, விலா வலித்தது. கீழேயிருந்து மிட்டாய்க் கடைக்காரர் மாடிப்படி வரை வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார். அவளுக்கு விஷயம் புரிந்ததும் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்து முடித்து, வேல் வைத்தும் ஒரு படம் வரையச் சொன்னேன். வரைந்தாள். ஆனால் அதற்குள் எங்கள் முதலாளி பழத்தோடு விளையாடிப் பார்த்துவிட்டார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் தாதா, அண்ணன். வேல் பட்டால் வில்லன் செத்துப் போவான், அத்தோடு சரி. பழம் பட்டால் அது பிளந்து தரையெல்லாம் கொழகொழவென்று ஆகும், வில்லன் வழுக்கி விழுவான், எழுவான், மறுபடி வழுக்குவான். தாதா அன்று சாப்பாட்டையே மறந்தார். வேலா பழமா என்று பிறகு முடிவு செய்யலாம் என்றார். அந்தப் பிறகு வருவதற்குள் படிவம் வந்துவிட்டது.

கேமை வெளியிடப் போகும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய படிவம் அது. தாதா எல்லோரையும் உட்காரவைத்துக் கேள்விகளை உரக்கப் படித்தார். எட்டாவது கேள்வியில் ஓவியர் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மூணாம் துறைமுகத்துச் சூனியக்காரி சிரிக்கிறா இல்லையா? அது எங்க மாமியார் சிரிப்பு. மூக்குத்தியும் அவங்களோடதுதான்."

தாதா பேனாவைக் கீழே வைத்தார். ஐந்தாம் துறைமுகத்தில் எந்தக் கேள்விக்கும் இன்னொரு கேள்வியையே பதிலாகச் சொல்லும் காவலன், தன்னுடைய பூகோள வாத்தியார் என்று அவரும் ஒப்புக்கொண்டார். "ஆனா அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. அப்போ அவரை வரலாற்று மனிதர்னு போடலாமா?"

இதற்கு ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. வரலாற்றில் இடம் பிடிக்கச் செத்துப்போனால் மட்டும் போதுமா, பாடப் புத்தகத்தில் வர வேண்டுமா? பாடப் புத்தகத்தில் வராமல் பாடம் நடத்தினவர் என்றால்? ராஜாக்களையும் தளபதிகளையும் வைத்து கேம் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பெயரைப் போட்டுவிட்டுப் போகலாம். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் மாமியாரும் வாத்தியாரும்தான். கடைசியில் வாத்தியாருக்கு 'ஆம், வரலாறு' என்று கட்டம் போட்டோம். அவர் இருந்திருந்தால் ஏன் போட்டாய் என்று கேட்டிருப்பார் என்றார் தாதா.

அடுத்தது கதாநாயகன். "இதுல என்ன சந்தேகம், இவன் கார்த்திக் டாகுர்," என்றார் தாதா. துர்கா பூஜைப் பந்தலில் மீசையை முறுக்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத வேட்டியில், மயில் மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கடவுள்தான். நம் முருகன்தான், ஆனால் இந்த ஊர் முருகன்.

"கார்த்திக் கையில வில் இருக்கும். இவன் கையில வேல்தானே இருந்துச்சு," என்றேன்.

"கல்யாணம் ஆகாதவன், சிலுப்பிக்கிட்டு நிக்கிறான், உலகத்தைச் சுத்துறான். கார்த்திக்தான்."

"எங்க ஊர்ல அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு தாதா. ரெண்டு மனைவி."

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "ரெண்டா?" என்றார் தாதா. "இங்க பாவம் ஒண்ணுக்கே வழியில்லாம நிக்கிறார். அவர் பங்கையும் சேர்த்து நீங்களே முடிச்சு வச்சிட்டீங்களா?"

ஓவியர் இடையில் புகுந்தாள். அண்ணன் தம்பி இருவரில் யார் முதலில் உலகைச் சுற்றுவது என்ற போட்டியும், அதில் கார்த்திக் தோற்றதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பரிசு ஒரு பழம் என்பதுதான் தெரியாது. நான் சொன்னேன். தம்பி மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனார். அண்ணன் அம்மா அப்பாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இதுதான் என் உலகம் என்று சொல்லிப் பழத்தை வாங்கிக்கொண்டார். தம்பி வந்து பார்த்தார், பழம் இல்லை. கோபித்துக்கொண்டு போய் மலையில் ஏறி நின்றவர்தான், இன்னும் இறங்கவில்லை.

"அவ்வளவு தூரம் சுத்தினவருக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்றாள் அவள். "நல்லவேளை, நாம குடுத்துட்டோம்."

அவள் சும்மா சொன்னதுதான். ஆனாலும் நான் அவசரமாகப் படிவத்தை இழுத்து, புராணம் இல்லை, வரலாறு இல்லை, உயிரோடிருப்பவர் இல்லை என்று இரண்டு கேள்விக்கும் இல்லை போட்டுவிட்டு எழுந்தேன்.

பொய்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சும்மா பெருமைக்காக, போனில் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். என் வேலை என்ன, கேம் என்ன என்று அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஒரு சொட்டுக் கல்கத்தா சேராத அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி, இவன் ஏன் இப்பிடி மெலிஞ்சு கெடக்கான்? கப்பல்ல சோறு போடுதாங்களா இல்லியா?" என்றாள்.

பிறகு போனை என்னிடம் கொடுக்காமலே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் என் தம்பி. ஒரே தம்பி. சரக்குக் கப்பலில் எஞ்சினியர், நிஜமாகவே உலகத்தைச் சுற்றுகிறவன். அப்பா போனபிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே நின்றுவிட்டேன், அவன் கடலுக்குப் போனான். இதில் யாருக்கும் குறையில்லை. நாலு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தபோது அவன் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். மூன்று வாரம் கழித்து, கை கொள்ளாத பைகளோடு வந்து சேர்ந்தான். அந்த நேரம் பார்க்க வந்திருந்த உறவுக்காரர்களிடம் அம்மா, "எனக்கு எம் மவ இருக்கா, அது போதும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் அத்தோடு விட்டிருக்கலாம். மூன்று வாரமாகத் தூங்காத எரிச்சலிலும், அம்மா சொன்னதைக் கேட்ட மிதப்பிலும், "விருந்தாளி வந்தாச்சு, யாராவது காப்பி போட்டுக் குடுங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் உதட்டைப் பிதுக்கினான். மறுநாள் காலையில் பைகளை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பேசுவான். கப்பலிலிருந்து இறங்கினால் நண்பர்களோடு தங்குவான். என்னோடு பேச்சில்லை. தவறு என்னுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அவனை வைத்து ஒரு கேம் எழுதினேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே கேலி செய்திருப்பேன்.

அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள், உலகத்துக்குத் தெரியாமலா போகும்? மறுநாள் தாதாவிடம் போய் எட்டாவது கேள்விக்கு ஆம் என்று திருத்தினேன். அவர் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும். வரலைன்னா அவங்களே வேற முகம் ஒண்ணு வச்சிடுவாங்க," என்றார்.

சம்மதக் கடிதத்தையும் இரண்டு படங்களையும், வேல் வைத்த ஒன்று, பழம் வைத்த ஒன்று, வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பினேன். வேல் எப்படிப் பேல் ஆயிற்று என்ற கதையையும் எழுதினேன். விருந்தாளி என்று சொன்னது தப்பு என்று ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. கப்பல் கரைப்பக்கம் வந்தால்தான் இரண்டாவது டிக்.

புதன்கிழமை ஓவியர், மாமியாரின் கடிதத்தைப் பட்டுத் துணியில் சுற்றாத குறையாகக் கொண்டுவந்தாள். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாளாம், மாமியாரிடம் கேட்க அவ்வளவு பயம். மாமியாரோ படத்தைப் பார்த்துவிட்டுத் தன் சிரிப்பை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். 'நிபந்தனைகள் இருந்தால்' என்ற கட்டத்தில் வங்காளத்தில் எழுதியிருந்தார்: என்னை முதல் அடியிலேயே சாகடிக்கக் கூடாது. கையெழுத்துக்குக் கீழே, 'உறவு' என்ற இடத்தில், மாமியார் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஆபீஸில் அன்று ரசகுல்லா வாங்கினோம்.

நான் ஒன்றரைதான் தின்றேன், என் கணக்குக்கு அது பட்டினி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். வியாழக்கிழமையும் ஒற்றை டிக். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன சொல்லுதான்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒரு கேமில் யாரோ ஒரு முகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவன் மாட்டேன் என்றால், இந்த நாலு வருஷம் போலவே இனி எல்லா வருஷமும் போகும். அதுதான் என் பயம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். தாதா என்னைப் பார்த்துவிட்டு, ஆறாவது துறைமுகத்து வில்லனுக்கு இந்த நடை நன்றாயிருக்கும் என்று ஓவியரிடம் சொன்னது காதில் விழுந்தது.

மூன்று மணிக்குக் கடிதம் வந்தது. அச்செடுத்து, கையால் நிரப்பி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேஜையில் வைத்துப் படம் பிடித்திருந்தான். உறவு என்ற இடத்தில் முதலில் 'விருந்தாளி' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தான். அடித்த கோடு வேண்டுமென்றே மெல்லிசாக இருந்தது, படிக்க முடிய வேண்டும் என்று. படவா. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நிபந்தனைகள் கட்டத்தில் தமிழில், காலண்டரைப் பார்த்து அம்மா எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த அந்தக் கோணல் எழுத்தில், மூன்று வரி.

"வேல் வேண்டாம், அக்கா. பழம் இருக்கட்டும். சர்பத் குடிக்க அடுத்த மாசம் வாரேன்."

நான் ஓடிப்போய் ஓவியரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பேல் பாத் தாவ், பேல் ராக்கோ," என்றேன். பேலை எடுத்துவிடு, பேலை வைத்துக்கொள் என்று அர்த்தம்; அவசரத்தில் வேலும் பேலாகவே வந்துவிட்டது. அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"எந்த பேல், தீதி?"

பழம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.  அவள் வில்வப்பழப் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பி, இதுவா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.